பிளான் பாஸானால் போதுமா?

கிருகப்பிரவேசத்துக்கு அழைப்பு வந்தால் நாம் தவறாமல் போய்விடுகிறோம். போன இடத்தில் வீட்டுக்காரர் நம்மை அறை அறையாக அழைத்துச் சென்று காட்டுகிறார். பூஜை அறைக் கதவில் வரிசையாகத் தொங்கும் மணிகளைத் தட்டிப் பார்க்கிறோம். சமையல் மேடையின் கருங்கல்லைத் தடவிப் பார்த்து, சதுர அடி என்ன விலை என்று விசாரிக்கிறோம். "வாஸ்து பார்த்துத்தானே கட்டினீர்கள்?" என்று ஒருவர் கேட்கிறார். "பிளான் பாஸாகி விட்டதல்லவா?" என்று இன்னொருவர் கேட்கிறார். இரண்டு கேள்விக்கும் "ஆயிற்று" என்று பதில் வந்தவுடன் எல்லோரும் நிம்மதியாக இலையின் முன் உட்கார்ந்து விடுகிறோம்.

தலைக்கு மேலே இருக்கும் தளத்துக்குள் எத்தனை கம்பி இருக்கிறது, அது எந்த இடத்தில் கிடக்கிறது, கான்கிரீட் அதை மூடுவதற்கு முன்னால் விஷயம் தெரிந்தவர் யாராவது குனிந்து பார்த்தார்களா என்று கேட்பவர் ஒருவரும் இல்லை. கேட்டால் நல்ல நாளும் அதுவுமாக அபசகுனமாகப் பேசுகிறார் என்று நினைப்பார்கள். அந்த அபசகுனப் பேச்சைத்தான் நாம் இங்கே சிறிது பேசப் போகிறோம். நேயர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சொந்த மனையில் சொந்தப் பணத்தில் வீடு கட்டுவதற்கு யாரோ ஒருவரிடம் அநுமதி கேட்பது வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்ட தொல்லை என்று எண்ணுகிறவர்கள் உண்டு. அது சரியல்ல. கௌடில்யருடைய அர்த்தசாஸ்திரத்தில் வீடு, மனை பற்றிய பகுதியைப் புரட்டிப் பார்த்தால், அண்டை வீட்டுக்கும் நம் வீட்டுக்கும் நடுவே விட வேண்டிய இடம், கழிவுநீர் போகும் வழி, ஜன்னல் வைக்கும் முறை ஆகியவற்றுக்கெல்லாம் விதிகளும், மீறியவனுக்கு அபராதமும் சொல்லியிருக்கக் காணலாம். அவருக்கு வெகு காலம் முன்னால் பாபிலோனில் அரசாண்ட ஹம்முராபி இன்னும் ஒரு படி மேலே போனான். ஒருவன் கட்டிக் கொடுத்த வீடு இடிந்து வீட்டுக்காரன் மாண்டால், கட்டியவனுக்கு மரண தண்டனை என்று கல்லிலே வெட்டி வைத்தான். அந்தச் சட்டம் இன்று அமலில் இருந்தால் நம் ஊரில் கட்டட வேலைக்குக் காண்டிராக்டர் கிடைப்பது அரிது!

இந்த இரண்டு சட்டங்களுக்கும் உள்ள வித்தியாசத்தை நேயர்கள் கவனிக்க வேண்டும். கௌடில்யருக்கு அண்டை வீட்டுக்காரரைப் பற்றிய கவலை. ஹம்முராபிக்கு வீட்டுக்குள் படுத்துத் தூங்குகிறவனைப் பற்றிய கவலை. நம்முடைய சட்டங்கள் பெரும்பாலும் கௌடில்யர் வழியிலேயே வளர்ந்து வந்திருக்கின்றன.

அதற்குக் காரணம் இருக்கிறது. சென்னை நகர முனிசிபல் சட்டம் 1919-லும், ஜில்லா முனிசிபாலிடிகளின் சட்டம் 1920-லும் வந்தன. அதே 1920-ல் சென்னை மாகாணத்து நகரமைப்புச் சட்டமும் வந்தது. கொள்ளை நோயும் கூரைத் தீயும் நகரங்களை வாட்டிய காலம் அது. காற்றும் வெளிச்சமும் புகாத சந்துகளில் வீடுகள் முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டு நின்றன. ஆகையால் எவ்வளவு இடம் விட வேண்டும், எவ்வளவு உயரம் போகலாம் என்பவையே சட்டத்தின் முதல் கவலைகளாக இருந்தன. பிற்பாடு 1971-ஆம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டம் வந்தது. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் வந்தது. நகராட்சிக்கு ஒரு விதித் தொகுப்பு, கிராமப் பஞ்சாயத்துக்கு வேறொரு விதித் தொகுப்பு என்று பெருகின. சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு விதி, அந்தப் பக்கம் ஒரு விதி என்ற விநோதமெல்லாம் இருந்தது. 2019-ஆம் வருஷம் பிப்ரவரியில்தான் தமிழ்நாடு முழுவதற்கும் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் என்று ஒரே தொகுப்பு ஏற்பட்டது. அது நல்ல காரியம் என்பதில் ஆட்சேபணையே இல்லை.

ஆனால் "பிளான் பாஸ்" ஆவது என்றால் என்ன? மனையின் நான்கு பக்கமும் விடும் இடைவெளி, தளப் பரப்பு, உயரம், எதிரேயுள்ள சாலையின் அகலம், வண்டி நிறுத்த இடம், மழைநீர் சேகரிக்கும் குழி ஆகிய இவற்றை வரைபடத்தில் பார்த்துச் சரியென்று ஒப்புக்கொள்வதுதான். காகிதத்தின் மேல் அளவுகோலை வைத்தால் இவையெல்லாம் தெரிந்துவிடும். தூண் எவ்வளவு பாரம் தாங்கும் என்பது அந்த அளவுகோலுக்குத் தெரியாது. அதற்குப் பொறியாளர் ஒருவரின் கையெழுத்து வாங்கிக் கோப்பில் வைத்துக் கொள்கிறார்கள்.

மௌலிவாக்கத்தில் நடந்தது

கையெழுத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதைச் சென்னை நகரம் 2014-ஆம் வருஷம் ஜூன் 28-ஆம் தேதி பார்த்தது. போரூருக்கு அருகே மௌலிவாக்கத்தில் பதினோரு மாடிக் கட்டடம் ஒன்று கட்டி முடியும் தறுவாயில் இருந்தது. சனிக்கிழமை மாலை, இடியும் மழையுமாக இருந்த நேரம். கட்டடம் அப்படியே உட்கார்ந்து விட்டது. 61 பேர் மாண்டார்கள். 27 பேரை இடிபாடுகளுக்குள்ளிருந்து உயிரோடு மீட்டார்கள். மாண்டவர்களில் பெரும்பாலோர் அங்கே வீடு வாங்கியவர்கள் அல்ல. ஆந்திராவின் வடகோடி ஜில்லாக்களிலிருந்தும், ஒடிசாவிலிருந்தும், நம்முடைய கிராமங்களிலிருந்தும் கூலிக்கு வந்த கொத்தனார்களும் சித்தாள்களுமே. வீடு கட்டுவதைப் பற்றிப் பேசும்போது நாம் வழக்கமாக மறந்து விடுகிற ஜனங்கள் இவர்கள். கட்டடம் முடியும் வரையில் அதற்குள்ளே வாசம் செய்கிறவர்கள் அவர்களே.

அந்தக் கட்டடம் திருட்டுத்தனமாக எழுப்பியது அன்று. பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் அநுமதி பெற்றது. பிளான் பாஸானது! சர்க்கார் நியமித்த நீதிபதி ரகுபதி விசாரணைக் கமிஷன் விஷயத்தை ஆராய்ந்தது. அதன் பக்கத்திலேயே அதே மாதிரி நின்ற மற்றொரு அடுக்கு மாளிகையையும் வைத்திருக்கக் கூடாது என்று முடிவாகி, 2016-ஆம் வருஷம் நவம்பர் 2-ஆம் தேதி வெடி வைத்துத் தகர்த்தார்கள். அது விழச் சில விநாடிகளே ஆயின. ஊரே தொலைக்காட்சியில் அதை வேடிக்கை பார்த்தது. வேடிக்கை முடிந்ததும் அவரவர் வேலைக்குப் போய்விட்டோம்.

இதற்கு இருபத்தெட்டு வருஷம் முன்னால், நம்மவர்களுக்கு நன்கு பழக்கமான மற்றோர் ஊரிலும் இப்படி ஒன்று நடந்தது. சிங்கப்பூரின் சிராங்கூன் ரோடு தமிழர்களுக்குப் புதிதல்ல. அந்தச் சாலையில் ஓவன் ரோடு சந்திக்கும் முனையில் ஆறு மாடிக் கட்டடம் ஒன்றில் "நியூ வோர்ல்டு" என்ற ஹோட்டல் நடந்து வந்தது. 1986-ஆம் வருஷம் மார்ச் 15-ஆம் தேதி காலையில் அது ஒரு நிமிஷத்துக்குள் சரிந்தது. 33 பேர் மாண்டார்கள். வெடிகுண்டா, எரிவாயுவா, பூமிக்கடியில் ரெயில் பாதை தோண்டியதாலா என்றெல்லாம் முதலில் பேசிக்கொண்டார்கள். விசாரணையில் வெளிவந்த உண்மை பள்ளிக்கூடத்துக் கணக்குப் பரீட்சையில் முதல் வரியிலேயே தவறு செய்த கதையாக இருந்தது. மனிதர்களும் சாமான்களும் ஏற்றும் பாரத்தைக் கணக்கிட்டவர், கட்டடத்தின் சொந்தப் பாரத்தைக் கணக்கில் சேர்க்கவே இல்லை! கணக்கிட்டவர் தகுதி பெற்ற பொறியாளரும் அல்ல, படம் வரைகிறவர். அந்தக் கணக்கோடு அக்கட்டடம் பதினைந்து வருஷம் நின்றது.

சிங்கப்பூர் சர்க்கார் அதன் பிறகு சும்மா இருக்கவில்லை. 1989-ல் கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தார்கள். ஒரு பொறியாளர் போட்ட கணக்கை அவருக்குச் சம்பந்தமில்லாத வேறொரு பொறியாளர் சரிபார்த்த பிறகே கட்டலாம் என்று விதித்தார்கள். கட்டி முடித்தாலும் விடுவதில்லை. குடியிருப்புக் கட்டடங்களைப் பத்து வருஷத்துக்கு ஒரு முறையும், மற்றவற்றை ஐந்து வருஷத்துக்கு ஒரு முறையும் பொறியாளர் பார்த்துச் சான்று கொடுத்தாக வேண்டும். வீட்டுக்கும் மனிதருக்குப் போல வயசு உண்டு, வைத்தியரிடம் காட்ட வேண்டும் என்று அந்தச் சிறிய தேசம் கண்டுகொண்டது.

நம் ஊரிலும் உயரமான கட்டடங்களுக்குக் கட்டமைப்புப் பொறியாளர், மண் பரிசோதகர், தரத் தணிக்கையாளர் என்று பலரும் பதிவு பெற்றவர்களாக இருக்க வேண்டும் என்று 2019 விதிகள் சொல்கின்றன. அடுக்கு மாடியில் வீடு வாங்குவோருக்கு 2016-ஆம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டமும் ஓரளவு துணை நிற்கிறது. குடிபுகுந்த ஐந்து வருஷத்துக்குள் கட்டமைப்பில் குறை தெரிந்தால், கட்டியவர் தம் செலவில் சரிசெய்து கொடுக்க வேண்டும். பதினோரு மாடிகளின் கவலையைப் பார்த்துக்கொள்ள இப்படி நாலு பேராவது இருக்கிறார்கள்.

நிற்க. நம் நேயர்களில் அநேகர் பதினோரு மாடி கட்டப் போவதில்லை. ஒரு கிரவுண்டிலோ அரைக் கிரவுண்டிலோ கீழும் மேலுமாக ஒரு வீடு. அதைப் பற்றிப் பேசுவோம்.

தன் விடைத்தாளைத் தானே திருத்துவது

2024-ஆம் வருஷம் ஜூலை 22-ஆம் தேதி தமிழ்நாடு சர்க்கார் சுயசான்றுத் திட்டம் என்ற ஒன்றைத் தொடங்கினார்கள். மனை 2,500 சதுர அடிக்குள்ளும், கட்டடம் 3,500 சதுர அடிக்குள்ளும் இருந்து, தரைத்தளமும் அதற்குமேல் ஒரு தளமுமாக நின்றுவிட்டால், இணையவழியில் விண்ணப்பித்து உடனே அநுமதி பெற்றுவிடலாம். விதிகளின்படியே கட்டுவேன் என்று கட்டுகிறவரே சான்று கொடுக்கிறார். முன்கூட்டி வந்து இடத்தைப் பார்வையிடுவதில்லை. பரிசீலனைக் கட்டணம் இல்லை. வேலை முடிந்தபின் முடிவுச் சான்றிதழும் வேண்டியதில்லை.

இதை எடுத்த எடுப்பில் குறை சொல்வது நியாயமாகாது. ஒரு சாதாரண குமாஸ்தா வீடு கட்ட நினைத்து, ஸ்தல ஸ்தாபனத்தின் படிக்கட்டை மாதக்கணக்கில் ஏறி இறங்கிய கதைகள் நமக்கெல்லாம் தெரியும். கோப்பு ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்கு நகர்வதற்கு எண்ணெய் வேண்டியிருந்தது. அநுமதிக்கென்று ஒரு தொகை, அநுமதி கொடுப்பவருக்கென்று ஒரு தொகை என்று வரவு செலவுத் திட்டத்திலேயே எழுதி வைத்த மனிதர்களை நாம் அறிவோம். "பார்வையிட" வந்தவர் திண்ணையில் உட்கார்ந்து காப்பி சாப்பிட்டுவிட்டுப் போனதும் உண்டு. அந்தத் தொல்லை தொலைந்தது என்றால் ஏழை எளியவர்களுக்கும் நடுத்தர வகுப்பாருக்கும் அது பெரிய விடுதலைதான்.

ஆனால் வாத்தியார் வேலை பார்க்கும் நமக்கு வேறொன்றும் தோன்றுகிறது. பரீட்சைத் தாளைத் திருத்துகிறவர் லஞ்சம் வாங்குகிறார் என்பதற்காக, மாணாக்கனே தன் தாளைத் திருத்திக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டால் பரீட்சையில் ஊழல் நின்றுவிடும், சந்தேகமில்லை. பரீட்சையும் நின்றுவிடும். போதாக்குறைக்கு, இந்தப் பரீட்சையில் மாணாக்கனுக்குப் பாடமே தெரியாது! வீடு கட்டுகிறவர் தம் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை கட்டுகிறார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் மேஸ்திரி சொன்னதுதான். மேஸ்திரிக்குத் தெரிந்ததெல்லாம் அவருடைய மேஸ்திரி சொன்னதுதான்.

வேகமாக அநுமதி கொடுப்பதும், வேலையைப் பார்வையிடாமல் விடுவதும் ஒன்றல்ல. வேறு வேறான காரியங்கள். முன்னதைச் செய்யப் போய்ப் பின்னதையும் சேர்த்துச் செய்துவிட்டோம் என்பதே நம்முடைய அபிப்பிராயம். காகிதம் பார்க்கும் வேலையிலிருந்து விடுபட்ட உத்தியோகஸ்தர்களைச் சர்க்கார் தெருவுக்கு அனுப்பலாம். எல்லா வீட்டுக்கும் போக வேண்டாம். பத்துக்கு ஒன்று போதும். எந்த வீட்டுக்கு, எந்த நாளில் போவது என்பதைக் கம்ப்யூட்டரே குலுக்கிப் போட்டுத் தீர்மானிக்கட்டும். போகிறவர் இடைவெளியை அளக்க வேண்டாம். அஸ்திவாரக் குழியில் ஒரு முறையும், தளம் போடுவதற்கு முன்னால் ஒரு முறையும் பார்த்தால் போதும். ஒரு வீடு எத்தனை வருஷம் நிற்கும் என்பது அந்த இரண்டு நாட்களில் தீர்மானமாகி விடுகிறது. மறுநாள் கான்கிரீட் எல்லாவற்றையும் மூடிவிடும். அதற்குப் பிறகு பிரம்மதேவனே வந்தாலும் உள்ளே இருக்கும் கம்பியைக் கண்ணால் பார்க்க முடியாது.

அபராதம் கட்டினால் பாபம் போமா?

பார்வையிடாமல் விட்டதன் பலனை நாம் முன்பே அநுபவித்திருக்கிறோம். இரண்டு மாடிக்கு அநுமதி வாங்கி நாலு மாடி கட்டுவது நகரங்களில் சர்வ சாதாரணமாகிவிட்டபோது, சர்க்கார் 1998-ல் சட்டத்தில் 113-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். 1999 பிப்ரவரி 28 வரையில் விதி மீறிக் கட்டியவர்கள் பணம் கட்டி முறைப்படுத்திக் கொள்ளலாம் என்பது அதன் தாத்பரியம். ஒரே ஒரு தடவை காட்டும் சலுகை என்ற அடிப்படையில் உச்ச நீதிமன்றம் 2000-ஆம் வருஷத்தில் அதை ஒப்புக்கொண்டது. ஆனால் "ஒரே ஒரு தடவை" என்பதற்கு நம் நாட்டில் தனி அர்த்தம் உண்டு. கெடு மறுபடி மறுபடி நீண்டது. சென்னை உயர் நீதிமன்றம் 2006-ல் அதைத் தடுத்தது. அப்புறம் 2012-ல் 113-சி என்று இன்னொரு பிரிவு வந்தது. அதற்குக் கெடுத் தேதி 2007 ஜூலை 1.

பணத்தைக் கட்டினால் சட்டத்தின் கோபம் தணியலாம். இரண்டு மாடிக்கென்று போட்ட அஸ்திவாரத்துக்கு அந்த ரசீதைக் காட்டிச் சமாதானம் சொல்ல முடியுமா?

துருக்கி தேசத்தார் இந்தக் கேள்விக்கு மிகக் கொடிய விலை கொடுத்தார்கள். அங்கே 2018-ல் விதி மீறிய லட்சக்கணக்கான கட்டடங்களுக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு மன்னிப்பு வழங்கினார்கள். அதற்கு "கட்டட சமாதானம்" என்று பெயரும் வைத்தார்கள். 2023-ஆம் வருஷம் பிப்ரவரி 6-ஆம் தேதி விடியற்காலையில் பூமி அதிர்ந்தது. துருக்கியில் மட்டும் ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பூகம்பம் பாதித்த பிரதேசத்தில் அப்படி மன்னிக்கப்பட்ட கட்டடங்கள் ஏராளமாக இருந்தன. சென்னைக்கு அவ்வளவு பெரிய பூகம்ப பயம் இல்லை என்று ஆறுதல் சொல்லிக் கொள்ளலாம். ஆனால் மௌலிவாக்கத்துக்குப் பூகம்பமே வேண்டியிருக்கவில்லை.

2024 டிசம்பர் 17-ல் உச்ச நீதிமன்றம் இவ்விஷயத்தில் தேசம் முழுமைக்கும் சில உத்தரவுகள் பிறப்பித்திருக்கிறது. அநுமதி பெற்ற வரைபடத்தை வேலை நடக்கும் இடத்தில் எல்லோரும் பார்க்க வைக்க வேண்டும்; உத்தியோகஸ்தர்கள் அவ்வப்போது வந்து பார்த்ததைக் குறித்து வைக்க வேண்டும்; முடிவுச் சான்றிதழ் இல்லாமல் மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் இணைப்புக் கொடுக்கலாகாது. உத்தரவுகள் நன்றாகவே இருக்கின்றன. சான்றிதழே வேண்டாம் என்று விலக்குப் பெற்ற சின்ன வீட்டை எந்தக் கண் பார்க்கும் என்ற நம் கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது.

அந்தக் கண் இப்போதைக்கு வீட்டுக்காரர் கண்தான். அல்லது வீட்டுக்கார அம்மாள் கண்.

நமக்குத் தெரிந்த தலைமையாசிரியர் ஒருவர் ஓய்வு பெற்றதும் சேமநிதிப் பணம் முழுவதையும் போட்டுப் புறநகரில் வீடு கட்டினார். அவர் மனைவிக்குப் பொறியியல் தெரியாது. ஆனால் தினந்தோறும் பிற்பகல் காப்பி எடுத்துக்கொண்டு போய் ஆட்களுக்குக் கொடுத்துவிட்டு, அரை மணி நேரம் நின்று பார்ப்பார். தளம் போடுவதற்கு முதல் நாள். சென்டரிங் பலகை அடித்துக் கம்பி கட்டி முடித்திருந்தார்கள். மறுநாள் காலை நல்ல நேரம் பார்த்தாயிற்று. கலவை இயந்திரத்துக்கும் ஆட்களுக்கும் முன்பணம் கொடுத்தாயிற்று. அம்மாள் குனிந்து பார்த்தார்.

"ஏன் மேஸ்திரி, கம்பியெல்லாம் பலகையோட ஒட்டிக்கிட்டுக் கிடக்கே? அடியில கான்கிரீட் எப்படிப் போகும்?"

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா. கொட்டும்போது கம்பியைத் தூக்கி விட்டுக்குவோம்."

"நீங்க தூக்கி விட்டுட்டு அந்தப் பக்கம் போன பிறகு, அது அங்கேயே நிக்கும்னு என்ன நிச்சயம்?"

மேஸ்திரியிடம் பதில் இல்லை. அடியில் வைக்கும் கவர் பிளாக் என்ற சிறு சிமென்ட் வில்லைகள் கடையில் மிக அற்ப விலைக்குக் கிடைப்பவை. அவற்றை வாங்கவே இல்லை. அம்மாள் பிடிவாதமாக நின்று, பொறியாளர் ஒருவரை வரவழைத்துக் காட்டி, வில்லைகளை வைத்த பிறகுதான் தளம் என்று சொல்லிவிட்டார். முகூர்த்தம் இரண்டு நாள் தள்ளிப் போயிற்று. குறித்த முகூர்த்தத்தைத் தள்ளிப் போடச் சொன்னதற்காக உறவினர்கள் அவரைப் பேசாத பேச்சில்லை. ஆட்கூலியிலும் நஷ்டம்தான். அவர் அதற்கெல்லாம் அசையவில்லை. காரணம் பின்னால் தெரிந்தது. அவருடைய தம்பி வீட்டில், கட்டிப் பன்னிரண்டு வருஷமே ஆன தளத்திலிருந்து ஒரு நாள் இரவு காரை பெயர்ந்து தொட்டிலுக்குள் விழுந்தது. பாட்டி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போயிருந்த நேரம்.

காரை ஏன் பெயர்கிறது? கம்பியைச் சுற்றிப் போதுமான கனத்துக்குக் கான்கிரீட் இல்லாவிட்டால் ஈரமும் காற்றும் உள்ளே போய்விடும். கடற்கரை ஊர்களில் உப்பும் போகும். கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக் கொள்வது. அது உள்ளேயிருந்து நெம்புவதால் கான்கிரீட் வெடிக்கிறது. இதைத் தடுப்பதற்கென்றே ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தர விதி, கம்பிக்கு வெளியே தளத்தில் குறைந்தது 20 மில்லிமீட்டரும், தூணில் 40-ம், அஸ்திவாரத்தில் 50-ம் கான்கிரீட் கவசம் இருக்க வேண்டும் என்கிறது. இருபது மில்லிமீட்டர் என்பது நம் கட்டைவிரல் அகலம். ஒரு குடும்பத்தின் தலைக்கு மேலே நிற்கும் கூரையின் ஆயுள் அந்தக் கட்டைவிரல் அகலத்தில் இருக்கிறது.

தண்ணீர் சமாசாரமும் இப்படித்தான். கலவையில் தண்ணீர் அதிகமாக இருந்தால் வேலை சுலபம். பாயசம் போல் தானே ஓடிப் பரவும். பலம் மட்டும் குறைந்துவிடும். சாதாரண வீட்டுத் தளத்துக்குப் போடும் எம்-20 கலவைக்கு ஒரு மூட்டை சிமென்டுக்கு 30 லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது என்பது அதே விதி. ஆனால் போட்டு முடித்த பிறகு தண்ணீரில் சிக்கனம் கூடாது. கலவையில் தண்ணீரை வாரி இறைத்துவிட்டு, தளம் காயும்போது நனைக்காமல் விடுவது நம் ஊர் வழக்கம். செய்ய வேண்டியது நேர்மாறானது. சாதாரண சிமென்டுக்கு ஏழு நாளாவது, இப்போது கடைகளில் பெரும்பாலும் கிடைக்கும் சாம்பல் கலந்த சிமென்டுக்குப் பத்து நாளாவது ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும். முட்டுக் கொடுத்த கழிகளை அவசரப்பட்டுப் பிரிக்கவும் கூடாது. அகலமான அறையாக இருந்தால் இரண்டு வாரம் நிற்க வேண்டும். அடுத்த வீட்டு வேலைக்குச் சென்டரிங் சாமான் வேண்டுமென்று காண்டிராக்டர் பறப்பார். பறக்கட்டும்.

கண் பார்த்தால் உயிர் பிழைக்கும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 2021-ஆம் வருஷம் டிசம்பர் 27-ஆம் தேதி திருவொற்றியூரில் சர்க்காரே கட்டிய குடியிருப்பில் 24 வீடுகள் கொண்ட ஒரு பகுதி இடிந்து தரைமட்டமாயிற்று. ஒருவர்கூட இறக்கவில்லை. சுவரில் விரிசல் விட்டதைக் குடியிருந்தவர்களே பார்த்து, வெளியேறி நின்றதுதான் காரணம். எந்த உத்தியோகஸ்தரும் கொடுக்காத சான்றை அந்த ஏழை ஜனங்கள் தங்கள் கண்ணால் பார்த்துத் தங்களுக்கே கொடுத்துக்கொண்டார்கள்.

அதற்காக ஒவ்வொரு வீட்டு அம்மாளும் ஐ.எஸ். 456-ஐ மனப்பாடம் செய்ய வேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. பொறியாளர் ஒருவரைக் காண்டிராக்டர் மூலமாக அல்லாமல், நாமே நேரில் அமர்த்திக்கொள்ள வேண்டும். காண்டிராக்டரிடம் சம்பளம் வாங்குகிற பொறியாளர் காண்டிராக்டர் கண்ணால்தான் பார்ப்பார். வரைபடத்தில் கையெழுத்திட்டவரே வந்து பார்க்கிறாரா, அல்லது ஊரிலுள்ள வீடுகளுக்கெல்லாம் ஒரே மாதிரிக் கையெழுத்தை விற்பவரா என்பதையும் விசாரித்துக் கொள்ளலாம். இரண்டு மூன்று தடவை அவர் வந்து போக ஆகும் செலவு, பூஜை அறைக் கதவில் மணி வைக்கும் செலவைவிடப் பெரிதாக அதிகமிராது. ஆனால் அவர் வரும் நாள் முக்கியம். சுவருக்கு வர்ணம் அடித்த பிறகு வந்து பார்த்து அவர் என்ன சொல்ல முடியும்? வர்ணம் நன்றாக இருக்கிறது என்று சொல்லலாம்.

இன்னொரு சிறு காரியமும் உண்டு. கான்கிரீட் மூடுவதற்கு முன்னால் அஸ்திவாரக் குழியையும், தூண்களின் அடியையும், தளத்துக் கம்பியையும் அளவு நாடாவைப் பக்கத்தில் வைத்துக் கைபேசியில் படம் எடுத்துக் கொள்ளுங்கள். தேதி தெரிய வேண்டும். அந்தப் படங்களை அச்சிட்டுக் கிரயப் பத்திரம், பட்டா, பொறியாளரின் வரைபடம் இவற்றோடு பெட்டியில் வையுங்கள். இருபது வருஷம் கழித்துப் பிள்ளைக்குக் கல்யாணமாகி, மேலே இன்னொரு மாடி எழுப்பலாமா என்ற பேச்சு எழும். அப்போது வருகிற பொறியாளர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "அஸ்திவாரத்தில் என்ன போட்டிருக்கிறீர்கள்?" என்றுதான் கேட்பார். பெட்டியைத் திறந்து காட்டலாம்.